மில்லுக்கார அக்காவின் தனி வகுப்பு

சவாசனத்தில் படுக்கச் சொன்னால் மில்லுக்கார அக்கா கண்ணை மூட மாட்டார். கையையும் காலையும் நான் சொன்னபடி தளர்த்திப் போட்டுவிடுவார். கண் மட்டும் மேலே ஓடாத மின்விசிறியை முறைத்துக்கொண்டிருக்கும். மனதில் இருப்பதையெல்லாம் விட்டுவிடுங்கள் என்று எல்லாருக்கும் சொல்வதுபோல அவருக்கும் சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாத்தையும் வுட்டுட்டா நாளைக்கு நான் எதுக்கு டீச்சர் எழுந்திருக்கணும்?" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான புதிது அது. பகலில் எனக்கு ஒரு தனியார் பள்ளியில் வேலை. விடிந்ததும் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் பொது வகுப்பு எடுப்பேன். வெயில் காலத்தில் அங்கே விரல்விட்டு எண்ணுகிற ஆட்கள்தான் இருப்பார்கள். கார்த்திகை பிறந்து பனி இறங்கத் தொடங்கினால், மைதானத்தில் நடக்கிறவர்கள், ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் எல்லாரும் தலையில் மப்ளரோடு மண்டபத்துக்குள் புகுந்துவிடுவார்கள். குளிருக்கு ஜன்னல்களைச் சாத்திவிடுவோம். பாயோடு பாய் இடிக்கும். ஒருவர் கையை விரித்தால் இன்னொருவர் மூக்கில் படும். தைல வாசனையில் மூச்சுப் பயிற்சி நடக்கும்.

அந்தக் கூட்டத்துக்குள்தான் அக்கா வந்து சேர்ந்தார். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மாவு மில் வைத்திருந்தவர். ஐம்பதைத் தாண்டியிருந்தார். கனத்த உடம்பு. மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பெருத்துப்போன குரல். இரண்டு முட்டியிலும் வலி. மாடி ஏறி வந்ததும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பார்க்கிறவர்கள் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல் நின்று, மூச்சு வாங்கிவிட்டுத்தான் உள்ளே வருவார்.

அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மில் தொடங்கிய காலத்தில், ஆம்பளை இல்லாத மில் எத்தனை நாளைக்கு ஓடும் என்று பக்கத்து ஸ்வீட் கடைக்காரர் யாரிடமோ சொல்லியிருக்கிறார். அது அக்கா காதுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அந்தக் கடையின் கடலைப்பருப்பை அவர் அரைத்துக் கொடுக்கவே இல்லை. சின்னசேலம் வரைக்கும் கொண்டுபோய் அரைத்து வந்தார்கள். பல வருடம் கழித்து, ஒரு தீபாவளி நெருக்கத்தில், வேறு வழியில்லாமல் கடைக்காரரே தூக்கு வாளியோடு வந்து நின்றார். மிளகாய் ஓடிக்கொண்டிருக்கிறது, முடியட்டும், நில்லுங்கள் என்றார் அக்கா. மிளகாய் அரைக்கிற இடத்தில் நிற்பது என்னவென்று நின்றவர்களுக்குத்தான் தெரியும். தும்மியும் கண்ணைத் துடைத்தும் அந்த மனிதர் மதியம் வரை நின்றார். அப்புறம் அக்கா வேறொரு மெஷினில் கொஞ்சம் அரிசியைப் போட்டு ஓட்டிச் சுத்தம் பண்ணிவிட்டு, கடலை மாவைப் பட்டுபோல அரைத்துக் கொடுத்தாராம். இது உண்மையா என்று நான் கேட்டபோது, உண்மைதான் என்றார்.

"மாவுல போயி பழி தீத்துக்கக் கூடாது டீச்சர். மாவு இன்னா பண்ணிச்சி."

பொது வகுப்பில் அவர் அதிக நாள் இருக்கவில்லை. மார்கழித் தொடக்கத்தில் ஒருநாள் எல்லாரும் ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார்கள். அக்காவுக்கு அது வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். சுற்றிலும் அத்தனை பேர் நிற்கும்போது தான் மட்டும் சும்மா நிற்க அவருக்கு மனம் வரவில்லை. காலைத் தூக்கினார். பக்கத்துப் பெண்மேல் சாய்ந்தார். அந்தப் பெண் அடுத்தவள்மேல் சாய, ஒரு வரிசையே உட்கார்ந்துவிட்டது. மண்டபம் முழுக்கச் சிரிப்பு.

முதல் வரிசையில் மண்டப முதலாளியின் மனைவி நின்றுகொண்டிருந்தார். மண்டபத்தம்மா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். வகுப்பில் பாதி நேரம் அவர் கையில் செல்போன்தான் இருக்கும். அன்று மதியத்துக்குள் அக்கா விழுந்த வீடியோ அவருடைய ஸ்டேட்டஸில் இருந்தது. 'மாவு மூட்டை சாஞ்சிடுச்சி' என்று எழுதி, சிரிக்கிற மூஞ்சிகள் வேறு போட்டிருந்தார். நான் போன் பண்ணி எடுக்கச் சொன்னேன். தமாஷுக்குப் போட்டது டீச்சர் என்று சிரித்தார். சாயங்காலம் எடுத்தார். அதற்குள் அது ஊரைச் சுற்றிவிட்டது. மூங்கில்துறைப்பட்டில் வேலை பார்க்கும் என் கணவருக்கே யாரோ அனுப்பியிருந்தார்கள். மில்லுக்கு அரைக்க வந்தவர்கள், மாவு மூட்டை எவ்வளவு எடை என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அக்காவைப் பார்த்தார்களாம்.

அவர் இனி யோகா பக்கமே வர மாட்டார் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் ஆள் அனுப்பி என்னை மில்லுக்கு வரச் சொன்னார். முகத்தில் அழுகையோ கோபமோ இல்லை. கேழ்வரகு மூட்டையின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே கும்பல் வேணாம். நீ இங்க வா. எனக்குத் தனியாச் சொல்லிக் குடு. தை முடியறதுக்குள்ள நான் நொண்டாம நடக்கணும்."

பொது வகுப்பு முடிந்து பள்ளிக்குப் போவதற்கு நடுவில் எனக்கு ஒரு மணிநேரம்தான் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் வருகிறேன் என்றேன்.

மில்லின் மாடியில், மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து வகுப்பு நடந்தது. பனிக்காற்று ஜன்னல் வழியே நேராக வரும். கீழே மெஷின் ஓடத் தொடங்கினால் தரை அதிரும். மிளகாய் போட்டார்கள் என்றால் மூச்சுப் பயிற்சியில் இருவரும் சேர்ந்து தும்முவோம். தனியாக வந்த பிறகுதான் அந்த உடம்பு எவ்வளவு பிடிவாதமானது என்று எனக்குத் தெரிந்தது. சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்தாற்போல் நிற்கச் சொன்னால், தொடை வெடவெடவென்று நடுங்கும், முகம் சிவந்துவிடும், போதும் என்று வாயிலிருந்து வராது. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை ஒரு தண்டனைபோலச் செய்வார். யாருக்கான தண்டனை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மண்டபத்தம்மாவுக்காகத்தான் இவ்வளவும் என்று நினைத்து ஒருநாள் கேட்டுவிட்டேன். அவ கெடக்கிறா, அவளை அப்புறம் பார்த்துக்கலாம் என்றார். பிறகு, சுவரில் சாய்ந்து நின்றபடியே, விஷயத்தைச் சொன்னார்.

கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்த பிறகு அவர் கணவர் இன்னொரு பெண்ணோடு கல்வராயன் மலைக்குப் போய்விட்டார். வெள்ளிமலைப் பக்கம் ஒரு மளிகைக்கடை வைத்து அங்கேயே இருந்துவிட்டார். போனதற்காக அக்கா அவரைத் திட்டி நான் கேட்டதில்லை. திட்டுவதெல்லாம் போகும்போது சொன்ன ஒரு வார்த்தைக்காகத்தான். உன்னோட தெருவுல நடந்தா எருமையை ஓட்டிகினு போற மாதிரி இருக்குது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அக்கா மில் வைத்தார், மகளை வளர்த்து உளுந்தூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தார். ஒவ்வொரு வருடமும் பொங்கல் முடிந்ததும், மில்லுக்குச் சாமை வாங்குவதாகச் சொல்லி மலைக்குப் போவார். நல்ல பட்டுப்புடவையாகக் கட்டிக்கொள்வார். பேருந்திலிருந்து இறங்கி மேட்டில் நடந்து, அந்த மளிகைக்கடைக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் உட்காருவார். டீ குடிப்பார். கடையை நேராகப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அந்த மனிதர் உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். அடுத்த பேருந்தில் அக்கா மலையிறங்கிவிடுவார். இத்தனை வருடத்தில் ஒரு வருடம்கூட அவர் போகாமல் இருந்ததில்லை.

"போன வருசம் முட்டி வலி ஜாஸ்தி. மேட்டுல நொண்டிகினு போனேன். கம்பத்தைப் புடிச்சிகினு நின்னேன். அவன் பார்த்துட்டான் டீச்சர். பாவம்னு பார்த்தான்" என்றார். பாவம் என்ற சொல்லை மட்டும் துப்புவதுபோலச் சொன்னார்.

மகளுக்கு இது பிடிக்கவில்லை. இந்த வருடமாவது அம்மாவைப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று எனக்குப் போன் பண்ணினாள். நானும் சொன்னேன். அவளுக்கு அப்பன் முகமே தெரியாது, அதனால் விட்டுக்கொடுப்பது அவளுக்குச் சுலபம் என்று முடித்துவிட்டார் அக்கா. பயிற்சியை மட்டும் கூட்டச் சொன்னார். மூச்சை இழுக்கும்போது அவன் மூஞ்சி வருகிறது, அது வந்தால்தான் தொடை பலமாக நிற்கிறது என்றார். அமைதியாக இருந்தால் உடம்பு குணமாகும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். என் கண்ணெதிரே கோபம் ஒரு முட்டியைச் சரிபண்ணிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முன்பே அவர் கைப்பிடியைத் தொடாமல் மில் மாடி ஏறினார்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, பேருந்து வளைந்து வளைந்து ஏறியது. மேலே பனி இன்னும் கலையவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஆட்கள் சாலையோரம் குந்தியிருந்தார்கள். அக்கா அரக்குப் பட்டு கட்டியிருந்தார். மேல் துண்டோ ஸ்வெட்டரோ கிடையாது. குளிரவில்லையா என்று கேட்டதற்கு, புடவை தெரிய வேண்டாமா என்றார்.

இறங்கி மேட்டில் நடந்தார். நான் பின்னால் போனேன். இடுப்பு ஆடவில்லை, முட்டி துவளவில்லை, ஒரு அடிகூடக் கோணவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ சொன்னார். எதிரே கடையைப் பார்த்தார்.

அன்றைக்கு அந்த மனிதர் வெளியே வந்தார். கையில் கம்பு. வலது காலை இழுத்து இழுத்துச் சாலையைக் கடந்து எங்கள் முன்னால் வந்து நின்றார். நரைத்த, மெலிந்த ஆள். அவரை வில்லனாகவே நினைத்து வைத்திருந்த எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது.

"முட்டி நல்லாயிடுச்சா? போன வருசம் நீ நொண்டினதைப் பார்த்தேன். மனசுக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சி" என்றார்.

அக்கா டீ கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருடம் அவர் வந்து உட்கார்ந்தது இந்தக் கேள்வியைக் காதில் வாங்குவதற்கல்ல. டீயில் சர்க்கரை கம்மி என்று என்னிடம் சொன்னார். அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, யோகா டீச்சரிடம் போவதாகக் கள்ளக்குறிச்சியில் என் தங்கை சொன்னாள், நீங்கள்தானா, எனக்கும் வலது முட்டி போய்விட்டது, ஆபரேஷன் என்கிறார்கள், பயமாக இருக்கிறது என்றார். கள்ளக்குறிச்சியில் வகுப்பு எடுப்பதாக மட்டும் சொன்னேன்.

திரும்பி வந்து பேருந்து நிலையத்தில் இறங்கியதும் அக்கா சொன்னார்.

"நாளையில இருந்து எல்லா நாளும் எனக்கே வெச்சிக்க. உன்னோட தனி நேரத்துல வேற யாருக்கும் எடம் கெடையாது."

ஏன் என்று அடுத்த வாரம் தெரிந்தது. அந்த மனிதர் கள்ளக்குறிச்சியில் தன் தங்கை வீட்டில் வந்து தங்கிவிட்டார். இரண்டாவது மனைவி கையைப் பிடித்துக் கூட்டிவர, என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட்டத்தில் கூச்சமாக இருக்கும், தனியாகச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டார். வலியோடு வந்து நிற்கிற ஒருவரைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் போய், வாரத்தில் ஒருநாளை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்றேன்.

"தனியாவா? அவனுக்கு இன்னா தனி? மண்டபம் இருக்குது இல்ல. நான் போயி நின்ன எடத்துல அவனும் போயி நிக்கட்டும்."

அப்படித்தான் அந்த மனிதர் பொது வகுப்புக்கு வந்தார். தை மாதக் கடைசி, பனி அந்த வருடம் விடாமல் கொட்டியது. ஜன்னல் எல்லாம் சாத்தி, மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. யாருடைய கால்சட்டையையோ போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் சுவரோரமாக அவர் நின்றார். வகுப்பு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. அக்கா வந்தார். அதே அரக்குப் பட்டு. வீடியோவுக்குப் பிறகு அன்றுதான் அந்த மண்டபத்துக்குள் கால் வைக்கிறார். சாப்பாட்டுக் கூடத்து பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அந்த மனிதரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

அந்த மனிதரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி சொல்லிவிட்டு, மற்றவர்களை ஒற்றைக்காலில் நிறுத்த நான் முன்னால் போனேன். தன்மேலேயே பதிந்திருந்த அக்காவின் கண் அவரை என்ன செய்ததோ தெரியவில்லை, சுவரை விட்டுவிட்டுக் காலைத் தூக்கினார். விழுந்த சத்தத்தில்தான் திரும்பினேன். தண்ணீர் பாட்டில்கள் உருண்டு ஓடின. பக்கவாட்டில் கிடந்தார். எழ முடியவில்லை. முதலில் ஒரு மூலையில் சிரிப்பு கேட்டது, பிறகு மண்டபமே சிரித்தது. மண்டபத்தம்மாவின் செல்போன் உயர்ந்தது.

"மலையே சரிஞ்சிடுச்சிடி" என்றார் பக்கத்துப் பெண்ணிடம், அவர் மலையிலிருந்து வந்தவர் என்பதை வைத்து.

நான் அக்காவைப் பார்த்தேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இதற்காகத்தானே வந்தார். அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. சொந்த வீட்டுக்குள் வேறு யாரோ புகுந்துவிட்டதைப் பார்த்தவர்போல எழுந்தார். பாய்களுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து போய், மண்டபத்தம்மாவின் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். மூலையில் குடிதண்ணீர் டிரம் இருந்தது. மூடியைத் தூக்கி உள்ளே போட்டு, மூடியை வைத்தார்.

"அவனைப் பார்த்துச் சிரிக்கணும்னா நான்தான் சிரிக்கணும். உனக்கு அவன் இன்னா பண்ணான்?"

போலீஸைக் கூப்பிடுவேன் என்றார் மண்டபத்தம்மா. கூப்பிடு, என் வீடியோவையும் எடுத்துக் காட்டு, நானும் சொல்கிறேன் என்றார் அக்கா, மெஷின் ஓடாத நேரத்தில் பேசுகிற சின்னக் குரலில். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. மூடி விழுவதற்குள் டிரம்முக்குள் போன் ஒருமுறை மினுங்கி அணைந்தது என்று பக்கத்தில் நின்ற பெண் பிற்பாடு சொன்னாள். அதைக் கேட்டு எனக்கு உண்டான சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அது கொஞ்சம் வருகிறது.

தரையில் கிடந்தவர் அக்காவைப் பார்த்துக் கையை நீட்டினார். தூக்கிவிடச் சொல்லித்தான். அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு புடவையைச் சற்றே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவர் காலைத் தாண்டி வாசலுக்குப் போய்விட்டார். நானும் இன்னொருவரும்தான் அவரைத் தூக்கி உட்காரவைத்தோம்.

நான் பின்னாலேயே படியில் இறங்கி ஓடினேன். மன்னித்துவிட்டீர்களா அக்கா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

"மன்னிக்கிறதா? அவன் வுழறதை நான் ஒருத்தி பார்த்திருக்கணும் டீச்சர். ஊரே பார்த்துச் சிரிச்சிடுச்சி. எல்லாம் கெட்டுப்போச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அது இரக்கமா, கையில் இருந்ததைப் பறிகொடுத்த ஆத்திரமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரமே மண்டபத்தம்மா என்னை வெளியே அனுப்பிவிட்டார். அக்கா தன் மில் மாடியைக் கொடுத்தார், கும்பல் சேர்க்கக் கூடாது என்ற கண்டிப்போடு. ஒருவர் ஒருவராக வந்தார்கள். அதற்குப் பிறகு நான் பொது வகுப்பு எடுக்கவே இல்லை. மாசி பிறந்ததும் ஒருநாள், பயிற்சி முடிந்து கால் நீட்டி உட்கார்ந்திருக்கையில், அக்கா தானாகவே சொன்னார்.

"செவ்வாக்கெழமையை அவனுக்கு வெச்சிக்க. இங்க வரட்டும். தனியாவே சொல்லிக் குடு. நான் உக்காந்து பார்க்கிறேன்."

அவரும் வந்தார். வேறு எங்கே போவார். மூட்டைகளுக்கு நடுவே பாயில் அவர், ஜன்னலோரம் நாற்காலியில் அக்கா, இடையில் நான். நாற்காலியைப் பிடித்து எழச் சொல்வேன். எழுவார், பாதியில் தொப்பென்று உட்காருவார். அக்கா சிரித்ததில்லை. திட்டியதும் இல்லை. ஒவ்வொரு முறை அவர் தடுமாறும்போதும், சாவகாசமாக, கண்ணை எடுக்காமல் பார்ப்பார். பாதி ஆசனத்தில் அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டும். ஒரு வாரம்கூட அவர் வராமல் இருந்ததில்லை. அவர்களுக்குள் பேச்சு இருந்ததில்லை.

பங்குனியில் ஒரு செவ்வாய், வகுப்பு முடிந்தது. அவர் கம்பைத் தேடினார். கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார், அன்றைக்குத்தான் முதல் தடவையாக. நாக்கு வறண்டு, என்னைப் பார்த்துத் தண்ணீர் வேண்டும் என்றார். நான் எழுந்தேன்.

"நீ உக்காரு டீச்சர். தண்ணி கீழ இருக்குது. வேணும்னா அவனே எறங்கிப் போயி குடிக்கட்டும்" என்றார் அக்கா.

அந்த மனிதர் சுவரைப் பிடித்தபடி படிக்கட்டுக்குப் போனார். கீழே இன்னும் மெஷின் போடவில்லை. ஒவ்வொரு படியாக அவர் இறங்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஓரிடத்தில் அந்தச் சத்தம் நின்றது. அக்கா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடாமல், தலையைப் படிக்கட்டுப் பக்கம் சாய்த்திருந்தார். மறுபடி கால் நகர்ந்தது. கடைசிப் படியில் இறங்கி, அவர் தண்ணீர் மொண்டு குடிக்கிற சத்தம் வரும் வரைக்கும் அக்கா அப்படியே இருந்தார்.